இடது பெட்டி

வெள்ளப்பாறைத் தோட்டத்து மாரியம்மனுக்குச் சித்திரையில் ஒன்பது நாள் திருவிழா. வருஷத்தில் அந்த ஒன்பது நாளும்தான் மாரிசாமிக்கு ஒரு பெயர் இருந்தது. மற்ற நாளெல்லாம் அவர் ஸ்டோரில் ரோலர் பக்கத்தில் நிற்கிற ஆள். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் யாரும் தொழிற்சாலை என்பதில்லை, ஸ்டோர்தான். வாடிய கொழுந்தை அரைக்கிற ரோலர் மெஷின் அங்கே ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் இடியே விழுந்தாலும் யாரோ சாக்கைத் தூக்கிப் போட்டான் என்றுதான் தோன்றும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் அவரை "ஏய் ரோலர்" என்று கூப்பிடுவார். பெயர் தெரியாமல் இல்லை. அந்தச் சத்தத்தில் எதைச் சொன்னாலும் ஒன்றுதான் என்பது அவர் எண்ணம்.

திருவிழாவில் மட்டும் அவர் செட்டுக்கார அண்ணன். பாட்டு செட் அவருடையது. பதுளையில் மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையிலிருந்து வாங்கி வந்த வால்வு எம்பிளிபயர், மூடி இல்லாத ஒரு ரெக்கோட் பிளேயர், ஒரு மைக், தகரத்தில் இரண்டு பெரிய குழாய்கள். எம்பிளிபயரில் சத்தம் கூட்டுகிற திருகு என்றோ உடைந்துபோய், அந்த இடத்தில் மண்ணெண்ணெய் விளக்கின் திரி திருகு ஒன்றைப் பொருத்தியிருந்தார். கோயிலுக்கு வலப்புறச் சவுக்கு மரத்தில் ஒரு குழாய், அது மேட்டு லய வீடுகளைப் பார்க்கும். இடப்புற வாகை மரத்தில் மற்றது, அது பள்ளத்தைத் தாண்டித் தோட்டத்தின் இன்னொரு பகுதியான கீழ் டிவிசனைப் பார்க்கும். நடுவில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து மாரிசாமி செட்டை ஓட்டுவார். சத்தம் சரியாக இருக்கிறதா என்று ஒருவரையும் கேட்கமாட்டார். "எங் காது போதும்" என்பார். கடைசி நாள் பூசையில் தலைவருக்கும் பூசாரிக்கும் அடுத்தபடியாகப் பரிவட்டம் கட்டப்படுகிற தலை அவருடையது. ரோலர் பக்கத்தில் நிற்கிற தலைக்கு அது பெரிய விஷயம்.

எண்பதாம் ஆண்டு மாசி மாதத்தில் அந்தப் பரிவட்டத்துக்கு ஆபத்து வந்தது. கப்பல் கப்பலாக ஜப்பான் சாமான் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்தில் யாரோ டவுனிலிருந்து ஸ்டீரியோ செட் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த நம் தோட்டத்து இளவட்டங்களுக்குக் காது புதுசாய் முளைத்துவிட்டது. கோயில் கமிட்டியில் நேராகவே கேட்டார்கள்.

"மாரிசாமி அண்ணன் செட்டுல பாட்டுப் போட்டா, பாடுறது ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல தலைவரே. இந்த வருசம் டவுன் செட்ட எடுப்போம்."

மாரிசாமி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். காதில் விழாத மாதிரி கற்பூரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் ரெங்கசாமி யோசிக்கிற ஆள். கீழ் டிவிசன்காரர், அறுபதை நெருங்குகிறவர், சண்டை என்று வந்தால் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் முடிவு பண்ணுகிறவர். பண்டாரவளையில் ஒரு கொழும்புக் கம்பனி வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒலிக் கண்காட்சி வைக்கிறது, புது செட்டெல்லாம் போட்டுக் காட்டுவார்கள், விரும்புகிறவர் திருவிழாவுக்கும் பேசி வைக்கலாம் என்று ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. "போயிக் கேட்டுட்டு வருவோம். நல்லா இருந்தா எடுப்போம், இல்லாட்டி நம்ம செட்டு" என்றார் ரெங்கசாமி. யார் போவது? தலைவர் போகவேண்டும், அது சரி. கூடச் சத்தம் தெரிந்த ஆள் ஒருவர் போகவேண்டும். சத்தம் தெரிந்த ஆள் என்றால் தோட்டத்தில் மாரிசாமியை விட்டால் வேறு யார்? வழக்கில் மாட்டியவரையே நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்கிறோமே என்று பெரியவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. இளவட்டங்களுக்குத் தோன்றியது. ஆனாலும், போய்க் கேட்டால் அவரே வாயை மூடிக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரிசாமியின் மனைவி பாக்கியலெட்சுமி, வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்துத் திருநீறும் பூசிவிட்டாள்.

"அங்க போயி எதையாச்சும் பாத்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்காதீங்க. நம்ம செட்டுக்கு என்ன கொறைச்சல்?"

"கொறைச்சல்னு யாரு சொன்னா?" என்றார் மாரிசாமி. சொல்லிக்கொண்டே பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டார். பரிவட்டம் போனால் வருஷம் முழுக்க ரோலர்தான்.

இருவரும் தெமோதரை ஸ்டேஷனுக்கு இறங்கி ரயிலேறிப் பண்டாரவளைக்குப் போனார்கள். கண்காட்சி ஒரு பெரிய ஹோலில். ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை, தரையில் சிவப்புக் கம்பளம். கம்பளத்தைப் பார்த்ததும் இரண்டு பேரும் கோயில் வாசல் பழக்கத்தில் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் வாத்தியார்கள், கடைக்காரர்கள், பக்கத்து ஊரான எல்லயில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார ஜோடி, எல்லாரும் காலில் சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு வரவும் கூச்சமாக இருந்தது. வெறுங்காலோடு இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.

மேடையில் செட்டைக் காட்டிக்கொண்டிருந்தவன் மஹ்ரூப் என்று ஓர் இளைஞன். கம்பனிக்காரன், டை கட்டியிருந்தான். தோட்டத்து ஆட்கள் என்று கண்டுகொண்டும் முகத்தைச் சுளிக்காமல், எந்தத் தோட்டம் என்று விசாரித்துவிட்டு, "வாங்க ஐயா, நடுவுல உக்காருங்க, அப்பதான் நல்லாக் கேக்கும்" என்று இடம் மாற்றி உட்கார வைத்தான். அவனுக்குப் பின்னால் வெள்ளி முகத்தோடு எம்பிளிபயர். அதில் இரண்டு கண்ணாடிக் கட்டத்துக்குள் இரண்டு முள். இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் மரப் பெட்டிகள். ரெக்கோட் பிளேயருக்குக் கண்ணாடி மாதிரி ஒரு மூடி. திருகுகளை எண்ணிப் பார்த்தார் மாரிசாமி. பதினொன்று. ஒன்றுகூட விளக்குத் திருகு இல்லை.

மஹ்ரூப் ஊசியை இறக்கினான். மாரிசாமி முதலில் கவனித்தது பாட்டை அல்ல, பாட்டுக்கு முன்னால் இருந்த அமைதியை. அவருடைய செட்டைப் போட்டால் முதலில் ஓர் இரைச்சல் கிளம்பும். அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் லயத்தில், "ஆ, செட்டுப் போட்டாச்சு" என்று பிள்ளைகள் ஓடிவரும். இங்கே ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாத அந்த இடத்திலிருந்து ஒரு வயலின் கிளம்பியது. வில் கம்பியைத் தொடுகிறபோது வருகிற சின்ன உராய்வுகூடக் கேட்டது. வாசிக்கிறவன் மூச்சு வாங்குவது கேட்டது. அடுத்து ஒரு பெண் பாடினாள். அவளுக்குச் சளி பிடித்திருந்தால்கூடச் சொல்லிவிடலாம், அவ்வளவு பக்கத்தில் இருந்தாள்.

பொய் சொல்ல முடியாத சத்தம் அது. மாரிசாமி தன் செட்டை இதற்குப் பக்கத்தில் வைத்து நினைத்துப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமும் தோட்டத்துக்குத் தான் போட்டது பாட்டே இல்லை, பாட்டின் தகரம் என்று பட்டது. இளவட்டங்கள் சொன்னது சரி. பரிவட்டம் போய்விட்டது. வீட்டுக்குப் போய்ப் பாக்கியலெட்சுமியிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது மஹ்ரூப் வேறொரு இசைத்தட்டை எடுத்தான். "இதுல பாட்டில்ல. ரயில். இடது பக்கத்தால வந்து வலது பக்கத்தால போகும், பாருங்க. இதுதான் ஸ்டீரியோ."

ரயில் வந்தது. ஹோலில் இருந்த தலைகளெல்லாம் இடமிருந்து வலமாக ஒன்றாகத் திரும்பின. வெள்ளைக்காரிகூடத் திரும்பினாள். மாரிசாமி மட்டும் திரும்பவில்லை. அவருக்கு ரயில் எங்கிருந்தும் வரவில்லை. வலது பெட்டிக்குள்ளேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே தேய்ந்து போனது. இன்னொரு தடவை போட்டான். அப்போதும் அப்படித்தான். அவர் இடது பெட்டியைப் பார்த்தார். உற்றுப் பார்த்தார். அது சும்மா நின்றது.

ஒரு பெட்டி வேலை செய்யவில்லை!

நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவனுக்கும் தெரியவில்லை, சினிமாக் கொட்டகை செட்டை ஓட்டிய காதுக்குத்தான் தெரிகிறது. அவர் எழுந்து நின்றார்.

"தம்பி, ஒங்க எடது பெட்டி பேசல."

மஹ்ரூப் சிரித்தான். "இல்ல ஐயா, ரெண்டும் பேசுது."

"பேசல. சத்தம் பூராவும் வலதுலதான் வருது. நான் செட்டு ஓட்டுற ஆளு தம்பி, எனக்குத் தெரியும்."

மஹ்ரூப் ஒரு திருகை முழுக்க இடப்பக்கம் திருப்பினான். "இப்ப வலதை நிப்பாட்டிட்டேன். இடது மட்டும்தான் பேசுது. கேளுங்க."

மாரிசாமி கேட்டார். சத்தம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். வருகிற இடம் மாறவில்லை. "சத்தத்தத்தானே கொறைச்சீங்க? இப்பவும் வலது பக்கந்தான் வருது" என்றார். பின் வரிசையில் சிரிப்பு எழுந்தது. மஹ்ரூபைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. முன் வரிசையில் ஒரு கடைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "அந்த ஆளு சொல்றதுலயும் ஏதோ இரிக்கி" என்று சொல்வதும் கேட்டது. அது போதுமாக இருந்தது.

மஹ்ரூபின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் கோபப்படவில்லை. மேடையை விட்டு இறங்கி வந்தான். "நீங்களே வந்து இடது பெட்டியில காத வச்சுப் பாருங்க ஐயா. உங்கட சந்தேகம் தீரட்டும்."

மாரிசாமி ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்குள் ரெங்கசாமி எழுந்து அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"வேணாந் தம்பி. எனக்கும் அப்படித்தான் கேக்குது. வலது மட்டுந்தான். வா மாரி, ரயிலுக்கு நேரமாச்சு."

ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. தலைவருக்குத் தேத்தண்ணீர் தாகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மாரிசாமி பின்னால் போனார். வாசலில் செருப்பைப் போடும்போது கால் தரையில் நிற்கவில்லை. தேத்தண்ணீர்க் கடையில் அவர் பேசிக்கொண்டே இருந்தார். பதினொரு திருகு வைத்து என்ன, வெள்ளி முகம் வைத்து என்ன, இருக்கிற இரண்டு பெட்டியில் ஒன்று ஊமை என்றார். ரெங்கசாமி சீனியைக் கலக்கிக்கொண்டே, "ஆமாமா" என்றார்.

ஸ்டேஷனுக்கு வந்ததும் ரெங்கசாமி வீட்டுக்குப் பாண் ரொட்டி வாங்கப் போனார். மாரிசாமி தண்டவாளத்தைப் பார்த்தபடி தனியாக நின்றார். ரயில் சத்தம் கேட்டது. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். தண்டவாளம் வெறுமையாகக் கிடந்தது. சத்தம் கூடிக்கொண்டே வந்தது, ரயிலைக் காணவில்லை. பிளாட்பாரத்தில் கூடையும் மூட்டையுமாக நின்ற சனம் முழுவதும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டார். அவர் திரும்புவதற்குள் எஞ்சின் முதுகுப் பக்கமாக வந்து அவரைத் தாண்டிப் போயிற்று.

மாரிசாமி அசையாமல் நின்றார். பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, வலது காதுக்குள் விரலை விட்டு அடைத்தார். ரயில் நின்றுவிட்டது. சக்கரம் உருண்டுகொண்டுதான் இருந்தது, சத்தம்தான் எங்கோ போர்வைக்குள் போய்விட்டது. விரலை எடுத்தார். ரயில் திரும்ப வந்தது. இடது காதை அடைத்துப் பார்த்தார். அடைக்காத மாதிரியே இருந்தது.

இருபத்திரண்டு வருஷம். ரோலர் எப்போதும் அவருக்கு இடப்பக்கம்தான் ஓடியது. எந்த வருஷத்தில் போனது என்றுகூடத் தெரியவில்லை. தெரியாமல் போனதற்குக் காரணம் அவருடைய செட்டேதான். அதில் இரண்டு குழாயிலும் ஒரே பாட்டு. வலது காதுக்கு வலது குழாய் கேட்டால் இடதும் கேட்டதாகத்தான் கணக்கு. பண்டாரவளைக்காரன் பாட்டை இரண்டாகப் பிரித்து வைத்ததால்தான் தனக்குப் பாதிதான் வருகிறது என்று வெளிச்சமாயிற்று.

அவர் பயந்துபோனார். ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு ரோலர் தள்ளலாம், எவனும் ஒன்றும் சொல்லமாட்டான். செட்டுக்காரனாக இருக்க முடியுமா? பாவம் தலைவர். தன் இரண்டு நல்ல காதையும் நம்பாமல் இந்த ஓட்டைக் காதை நம்பி, "எனக்கும் அப்படித்தான் கேக்குது" என்று சபையில் சொல்லிவிட்டாரே. ரெங்கசாமி பாண் பொட்டலத்தோடு வந்தார். மாரிசாமி தெமோதரை வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

கமிட்டியில் தலைவர் விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் முடித்தார். "செட்டு பாக்கத்தான் பவுசு. ஒரு பெட்டி வேலையே செய்யல, மாரிதான் கண்டுபுடிச்சான்." இளவட்டங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புதுச் சாமானில் அப்படி ஒரு பழுது இருக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை. தலைவரே போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்கிறபோது என்ன பேசுவது? இந்த வருஷமும் மாரிசாமி செட்டுதான் என்று முடிவாயிற்று. மாரிசாமி எழுந்து எல்லாரையும் கும்பிட்டார். கும்பிட்ட கையைக் கீழே இறக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். முகத்தை மறைக்க அது வசதியாக இருந்தது.

பாக்கியலெட்சுமிக்குப் பெருமை தாங்கவில்லை. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், "எங்க வீட்டுக்காரரு கொழும்புக்காரன் செட்டுலயே குத்தங் கண்டுட்டாரு" என்று சொல்லிச் சொல்லி அந்த ஊமைப் பெட்டிக்குப் புகைகூட வரவைத்துவிட்டாள். மாரிசாமி மறுக்கவுமில்லை, ஒத்துக்கொள்ளவுமில்லை. காலை உணவை வழக்கத்தைவிட வேகமாகச் சாப்பிட்டுவிட்டு ஸ்டோருக்குப் போனார்.

இரண்டு வாரம் கழித்துக் காலைப் பெரட்டில், கணக்கப்பிள்ளை பேர் வாசித்து வேலை பிரித்து முடிந்ததும், தபால்காரர் ஒரு கடிதத்தை நேராக மாரிசாமியிடம் கொண்டுவந்து கொடுத்தார். மேலே, "செட்டுக்கார ஐயா அவர்கள், வெள்ளப்பாறைத் தோட்டம், தெமோதரை" என்று இருந்தது. பெயர் தெரியாமல் எழுதியிருக்கிறான். தபால்காரருக்கும் பெயர் தேவைப்படவில்லை. ஸ்டோருக்குப் போகிற வழியில் தேயிலைச் செடி ஓரமாக நின்று மாரிசாமி பிரித்துப் படித்தார்.

"மதிப்புக்குரிய ஐயா, நீங்கள் சொன்ன பிறகு இரண்டு பெட்டிகளையும் கழற்றிப் பார்த்தோம். எம்பிளிபயரையும் பார்த்தோம். எங்களுக்கு ஒரு பழுதும் தெரியவில்லை. ஆனால் நீங்கள் அனுபவம் உள்ளவர் என்பது உங்கள் பேச்சிலேயே தெரிந்தது. எங்களுக்குத் தெரியாதது உங்களுக்குக் கேட்டிருக்கலாம். அன்று வாங்குவதாக இருந்த இரண்டு பேர் நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதால் எங்கள் பெரியவர் என்மேல் வருத்தமாக இருக்கிறார். எந்த இடத்தில் பிழை என்று ஒரு வரி எழுதினால் பெரிய உதவியாக இருக்கும். இப்படிக்கு, மஹ்ரூப்."

திட்டி எழுதியிருந்தால் மாரிசாமி கிழித்துப் போட்டிருப்பார். இவன் மரியாதையாகப் பிழை கேட்கிறான். அன்று முழுவதும் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. கொழுந்துத் தூசு படிந்த கையால் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். பரிவட்டத்தையும் நினைத்தார், அந்தப் பையனின் வாடிய முகத்தையும் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, கீழ் டிவிசனில் ரெங்கசாமி வீட்டுக்குப் போனார்.

ரெங்கசாமி லயத்துக்குப் பின்னால் தன் காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோவாவுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். மாரிசாமி உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது.

"தலைவரே, அந்தப் பெட்டி பேசிச்சு."

"எந்தப் பெட்டி?"

"பண்டாரவளைப் பெட்டி. எடது. அது நல்லாத்தான் பேசியிருக்கு. எங் காதுதான் போச்சு. எடது காது சுத்தமாக் கேக்கல எனக்கு. நீங்க என்னைய நம்பி சபையில சொல்லிப்புட்டீங்க. நாந்தான் ஒங்களப் பொய்யனாக்கிட்டேன்."

ரெங்கசாமி மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். கையைத் தட்டிக்கொண்டார்.

"அது பேசுனது எனக்குக் கேட்டுச்சு மாரி."

"பெறகு?"

"கேட்டுச்சுன்னுதான் சொல்றேனே. ரயிலு எடது பக்கமா வந்து வலது பக்கமாத்தான் போச்சு. ஒனக்குத்தான் கேக்காதுன்னு எனக்குத் தெரியும்."

மாரிசாமிக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் வெட்கப்பட்டதெல்லாம் கோபமாக மாறி வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே அந்தப் பையன் முன்னால என்னையக் கூத்தாடியாக்கினீங்களா? எப்ப இருந்து தெரியும்?"

ரெங்கசாமிக்குச் சொல்லலாமா என்று யோசிக்கிற முகம். பிறகு சொன்னார்.

"போன திருவிழாவுல இருந்து. நாலாம் நாளு சாயந்தரத்தோட ஒன்னோட எடது கொழாய் நின்னுபோச்சு. அந்த வாகை மரத்துக் கொழாய். பெறகு கடைசி வரைக்கும் பேசல. கீழ் டிவிசனுக்கு ஒரு பாட்டும் வரல."

"இல்ல" என்றார் மாரிசாமி. "நான் அதுக்குப் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

"அதுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்த."

வாகை மரத்திலிருந்து வயரை இறக்கியபோது அது கையோடு அறுந்து வந்தது மாரிசாமிக்கு ஞாபகம் வந்தது. இழுத்ததில் அறுந்தது என்று அன்றைக்கு நினைத்திருந்தார்.

"ஏன் எவனும் சொல்லல?"

"சொல்லத்தான் ஏறி வந்தோம், ஏழெட்டுப் பேரு. சண்டை போடணும்னுதான் வந்தோம், மறைப்பானேன்? வந்து பாத்தா நீ அந்த ஊமைக் கொழாய அண்ணாந்து பாத்துக்கிட்டு, தாளம் போட்டுக்கிட்டு, தலைய ஆட்டிக்கிட்டு இருக்க. விளக்குத் திருக ஒரு இழை கூட்டுற, ஒரு இழை கொறைக்கிற. எவனுக்கும் வாய் வரல மாரி. கோயில் வாசல்லயே நின்னு கேட்டுட்டுப் போனோம். மறுநாளு கீழ் டிவிசன் மொத்தமும் ஏறி வந்திருச்சு, புள்ளத்தாச்சி பொண்ணுங்ககூட. இந்த வருசமும் ஏறி வந்து கேக்குறதுன்னு பேசி வச்சிருக்கோம். எங்களுக்கு அது ஒண்ணும் பெரிசில்ல."

மாரிசாமி செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷக் கூட்டம் அவர் கண்ணுக்குள் இருந்தது. வாசல் கொள்ளாத கூட்டம். என் செட்டு இழுத்த கூட்டம் என்று ஸ்டோரில், லயத்தில், கள்ளுக் கடையில், எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். அவர்களும் ஆமாம் ஆமாம் என்று கேட்டிருந்தார்கள். அதில் கீழ் டிவிசன்காரர்களும் இருந்தார்கள். அவமானத்தில் உடம்பு கூசியது. அதோடு, இத்தனை பேர் சேர்ந்து தன்னைக் கைக்குள் வைத்துக் காத்திருக்கிறார்களே என்று அழுகையும் வந்தது. ரெங்கசாமிக்கு முகம் தெரியக்கூடாது என்று குனிந்து கோவா இலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கமிட்டியக் கூட்டுங்க தலைவரே" என்றார் கடைசியில்.

கமிட்டியில் அவரே சொன்னார். இளவட்டங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, சிரித்திருந்தால் முடிந்து போயிருக்கும். கண்காட்சியில் கேட்ட செட்டையே எடுப்பது என்று தீர்மானம் வந்தபோது முதலில் கை தூக்கியது மாரிசாமி. வீட்டுக்கு வந்து, பாக்கியலெட்சுமியின் அழுகை ஓய்ந்தபிறகு, ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்தில் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதினார்.

"தம்பி மஹ்ரூபுக்கு, பிழை உங்கள் பெட்டியில் இல்லை, என் இடது காதில். இதை உங்கள் பெரியவரிடம் காட்டவும். காப்புக் கட்டுகிற அன்று காலையில் செட்டோடு எங்கள் கோயிலுக்கு வரவும். உங்கள் பெட்டி ஹோலுக்குள் நன்றாகப் பேசும், பள்ளத்தைத் தாண்டாது. அதற்கு என் குழாய் ஒன்றைத் தருகிறேன், உங்கள் எம்பிளிபயரில் பூட்டிக்கொள்ளலாம். வயர் நல்லதாகக் கொண்டு வரவும். கீழ் டிவிசனுக்குக் கேட்கிறதா என்று நீங்கள் மேலே இருந்துகொண்டு முடிவு பண்ண வேண்டாம். ஒன்பது நாளும் நான் கீழே போய் நின்று கேட்டுச் சொல்கிறேன்."